புருஷன் தோற்ற நாலாம் நாள் ஜெயித்தவர்: பெர்மாண்ட்சியின் கவுன்சிலர் ஏடா சால்ட்டர்

கேள்வி இதுதான்: “இங்கிலாந்தில் பெண்களுக்கு ஓட்டே 1918-ல்தான் வந்தது. அப்படியிருக்க 1909-ல் லண்டனில் ஒரு பெண் கவுன்சிலர் இருந்தார் என்கிறார்களே, அது எப்படி? இருந்தாலும் அந்தப் பதவியை வைத்துக்கொண்டு அவரால் உருப்படியாக ஏதாவது செய்ய முடிந்ததா?”

அந்தப் பெண் ஏடா சால்ட்டர்; ஜெயித்தது லண்டனின் பெர்மாண்ட்சி வட்டாரத்தில். அவருக்கு வருமுன் சட்டத்தை முடித்துவிடுகிறேன். கொஞ்சம் வறண்ட பகுதி, ஆனால் அது தெரியாமல் மற்றது விளங்காது.

1918-ல் வந்தது பார்லிமென்ட் ஓட்டு. அதுவும் 30 வயது நிரம்பிய, சொத்துத் தகுதி இருந்த பெண்களுக்கு மட்டும். உள்ளாட்சி ஓட்டு வேறு கணக்கு. நகரங்களில் தன் பெயரில் வீட்டுவரி கட்டும் பெண்ணுக்கு 1869-லேயே நகராட்சித் தேர்தலில் ஓட்டு கிடைத்துவிட்டது. மூன்று வருஷம்கூட ஆகவில்லை, 1872-ல் ஒரு தீர்ப்பு அதில் கத்தரி வைத்தது: கன்னிப்பெண் போடலாம், விதவை போடலாம், கல்யாணமானவள் போடக்கூடாது. 1870-ல் பள்ளி வாரியங்கள் வந்தபோது பெண்கள் ஓட்டுப் போட மட்டுமல்ல, நிற்கவும் வழி திறந்தது. டாக்டர் எலிசபெத் காரெட் மேரிலெபோனில் நின்று 47,000-க்கு மேல் ஓட்டு வாங்கி முதலிடம் பிடித்தார். 1875-ல் ஏழைகள் நிவாரண வாரியத்திலும் பெண் நுழைந்தாயிற்று. பிள்ளைகள், ஏழைகள், நோயாளிகள் எல்லாம் வீட்டு வேலையின் நீட்சிதானே, பெண்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அன்றைய ஆண்களின் நினைப்பு.

பணமும் அதிகாரமும் உள்ள கவுன்சில் என்று வந்தபோது கதவு மூடிக்கொண்டது. 1889-ல், லண்டன் முழுவதற்கும் பொதுவான லண்டன் கவுன்டி கவுன்சிலின் முதல் தேர்தலில் லேடி சாண்ட்ஹர்ஸ்ட், ஜேன் காப்டன் என்று இரண்டு பெண்கள் ஜெயித்தார்கள். சாண்ட்ஹர்ஸ்டிடம் தோற்றவர் கோர்ட்டுக்குப் போனார். பெண் உறுப்பினராக முடியாது என்று சொல்லி நாற்காலியைத் தோற்றவருக்கே கொடுத்தார்கள். காப்டன் மேல் யாரும் உடனே வழக்குப் போடவில்லை. ஒரு வருஷம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்துவிட்டு, அப்புறம் கூட்டத்தில் ஓட்டுப் போட்டார். அதற்கு அபராதம் விழுந்தது. அதாவது, உறுப்பினராக இருந்தது செல்லும், உறுப்பினர் செய்யும் வேலையைச் செய்தது குற்றம். இதைவிட வேடிக்கை 1899-ல் நடந்தது. லண்டனின் பழைய வட்டாரச் சபைகளில் பெண்கள் அங்கத்தினராகி வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சபைகளைக் கலைத்து 28 பரோக்களாக மாற்றினார்கள். பரோ என்றால் தனி கவுன்சிலும் தனி மேயரும் உள்ள ஒரு சின்ன நகராட்சி. மாற்றிய சூட்டோடு பெண்களை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

1907-ல்தான் பரோ, கவுன்டி கவுன்சில்களில் பெண்கள் நிற்கலாம் என்று சட்டம் வந்தது. அதிலும் ஒரு முடிச்சு. லண்டனுக்கு வெளியே நிற்க வேண்டுமானால் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும்; கல்யாணமான பெண்ணின் பெயர் அதில் ஏறுவது குதிரைக்கொம்பு. அந்தக் காலத்து முன்னோடிகளைப் பாருங்கள்: மான்செஸ்டரில் மார்கரெட் ஆஷ்டன், லிவர்பூலில் எலினோர் ராத்போன் இருவரும் கல்யாணம் ஆகாதவர்கள். 1908-ல் ஆல்டபரோ ஊரில் இங்கிலாந்தின் முதல் பெண் மேயரானது நாம் மேலே பார்த்த எலிசபெத் காரெட்தான், அப்போது அவர் விதவை. லண்டன் பரோக்களில் மட்டும் பன்னிரண்டு மாதம் அங்கே குடியிருந்தாலே நிற்கலாம். அந்தச் சந்து வழியாகத்தான், புருஷனோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த ஏடா சால்ட்டர் 1909-ல் உள்ளே வந்தார். மற்ற ஊர்களில் இந்த முடிச்சு அவிழ 1914 ஆயிற்று.

(பெயர் பற்றி ஒரு வார்த்தை. ‘அடா’ என்று எழுதினாலும் ‘ஏடா’ என்று எழுதினாலும் தமிழில் யாரையோ அதட்டுவது போலத்தான் இருக்கிறது. உச்சரிப்புக்கு ஏடாதான் கிட்டே வருகிறது.)

சரி, ஆளுக்கு வருவோம். ஏடா பிரவுன் 1866-ல் நார்தாம்ப்டன்ஷயரில் ராண்ட்ஸ் என்ற ஊரில் பிறந்தவர். மெதடிஸ்ட் குடும்பம். ஊருக்குத் தொழில் பூட்ஸ் தைப்பது. முப்பது வயதில் அதையெல்லாம் விட்டுவிட்டு லண்டனுக்கு வந்து ஏழைகளுக்குச் சேவை செய்யும் ஒரு கிறிஸ்தவ மிஷனில் சேர்ந்தார். 1897-ல் பெர்மாண்ட்சிக்குக் குடிபோனார். அங்கே ‘செட்டில்மென்ட்’ என்று ஒரு ஏற்பாடு. படித்தவர்கள் ஏழைகள் நடுவிலேயே தங்கி வகுப்பும் சங்கமும் நடத்துவார்கள். ஏடாவுக்குக் கிடைத்த வேலை, ஃபாக்டரியில் வேலை பார்க்கும் முரட்டுப் பெண்பிள்ளைகளுக்கான சங்கம்.

பெர்மாண்ட்சியை ஒரு தடவை மனசில் கொண்டுவந்து பாருங்கள். தேம்ஸ் நதியின் தென்கரை, டவர் பிரிட்ஜுக்குக் கிழக்கே. கப்பலில் வரும் சாமான் இறங்கும் இடம். சிலோன் தேயிலைப் பெட்டிகளும் அங்கேதான் கிடங்கில் அடுக்கப்பட்டன, நம் ஆட்கள் மலையில் கிள்ளிய கொழுந்து. கரையை விட்டு உள்ளே வந்தால் தோல் பதனிடும் தொட்டிகள், ஜாம் ஃபாக்டரி, பிஸ்கட் ஃபாக்டரி, வினிகர் ஃபாக்டரி. தோல் நாற்றமும் வினிகர் நெடியும் பிஸ்கட் வாசனையும் ஒரே காற்றில். ஒன்றேகால் லட்சம் பேர் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். கப்பல்துறையில் ஆண்களுக்குக் கூலி அன்றன்று காலை ஆள் எடுத்தால் உண்டு, எடுக்காவிட்டால் பட்டினி. அதனால் ஜாம் காய்ச்சப் போகும் பெண்களின் கூலியில்தான் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது.

செட்டில்மென்டுக்கு ஆல்ஃபிரட் சால்ட்டர் என்ற இளம் டாக்டர் வந்து சேர்ந்தார். பாக்டீரியா ஆராய்ச்சியில் பேர் வாங்கிக்கொண்டிருந்தவர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர், வாயைத் திறந்தால் சண்டை. 1900-ல் இருவருக்கும் கல்யாணம். ஆல்ஃபிரட் ஆராய்ச்சியை விட்டுவிட்டு பெர்மாண்ட்சியின் ஜமைக்கா ரோட்டில் கிளினிக் வைத்தார். ஃபீஸ் ஆறு பென்ஸ், முடியாதவர்களுக்கு இலவசம். பின்னாளில் இருவரும், போரே கூடாது என்னும் கிறிஸ்தவப் பிரிவான குவாக்கர்களோடு சேர்ந்தார்கள். ஆல்ஃபிரட் ஆளே மாறிப்போனதற்கு ஏடாதான் காரணம் என்று எனக்குத் தோன்றும். அரசியலிலும் அதே கதை. இருவரும் லிபரல் கட்சி. 1906-ல் அந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தும் பெண்கள் ஓட்டைப் பற்றிப் பேச்சே எடுக்காததால் ஏடா வெளியேறித் தொழிலாளர் பக்கம், ஐ.எல்.பி. என்ற சுதந்திரத் தொழிலாளர் கட்சிக்குப் போனார். ஆல்ஃபிரட் அப்போது லிபரல்கள் சார்பில் கவுன்டி கவுன்சிலர். அவர் மனைவியைப் பின்தொடர்ந்து வர இரண்டு வருஷம் பிடித்தது.

இப்போது அந்த 1909. அக்டோபர் 28 அன்று பெர்மாண்ட்சியில் பார்லிமென்ட் இடைத்தேர்தல். ஆல்ஃபிரட் நின்றார், மூன்றாவதாக வந்தார். அதே நாளில் பெண்கள் ஓட்டுரிமை இயக்கத்தைச் சேர்ந்த இரண்டு பேர் தனித்தனி வாக்குச்சாவடிகளுக்குள் புகுந்து ஓட்டுப்பெட்டிகளில் ரசாயனத்தை ஊற்றினார்கள். தெறித்ததில் ஒரு தேர்தல் அதிகாரியின் கண்ணில் காயம். இருவரும் ஜெயிலுக்குப் போனார்கள். நாலு நாள் கழித்து, நவம்பர் 1, பரோ கவுன்சில் தேர்தல். ஏடா ஜெயித்தார். பெர்மாண்ட்சியின் முதல் பெண் கவுன்சிலர், அங்கே தொழிலாளர் கட்சித் தரப்பின் முதல் கவுன்சிலரும் அவரே. ஓட்டுரிமை கேட்டுப் பெண்கள் பெட்டியில் ரசாயனம் ஊற்றிய அதே வட்டாரத்தில், அதே வாரத்தில், ஒரு பெண் பெட்டி வழியாகவே உள்ளே போனார். இதை யாராவது கதையில் எழுதியிருந்தால் மிகை என்று சொல்லியிருப்பேன்.

அப்புறம் நடந்ததை எழுதக் கை வரவில்லை. சால்ட்டர் தம்பதிக்கு ஒரே பெண், ஜாய்ஸ், 1902-ல் பிறந்தவள். ஏழைகளுக்கு வேலை செய்கிறவர்கள் பிள்ளையை மட்டும் நல்ல காற்றுள்ள இடத்துக்கு அனுப்புவது வழக்கம். இவர்கள் அனுப்பவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் போகும் பள்ளிக்கூடத்துக்கே அவளும் போனாள், அவர்களோடுதான் தெருவில் விளையாடினாள். அந்தத் தெருக்களில் பிள்ளைகளைத் தொற்றும் ஸ்கார்லெட் காய்ச்சல் வந்து வந்து போகும். மூன்றாவது தடவை அவளுக்கு வந்தபோது தாங்கவில்லை. 1910 ஜூன், எட்டு வயது. ஏடா கவுன்சிலராகி எட்டு மாதம்கூட ஆகவில்லை. அவர்கள் செய்தது சரியா? பலரும் பலவிதமாகச் சொல்வார்கள். எனக்கு இன்றுவரை தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை. அவர்கள் ஊரை விட்டுப் போகவில்லை என்பதை மட்டும் சொல்லலாம்.

அடுத்த வருஷம் ஆகஸ்டில், கடும் வெயிலில், ஜாம், பிஸ்கட், ஊறுகாய் ஃபாக்டரிப் பெண்கள் சொல்லி வைத்தாற்போல் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். சுமார் 14,000 பேர். பெரும்பாலோருக்குச் சங்கமே கிடையாது. தொழிற்சங்கத் தலைவி மேரி மெக்கார்தர் வந்து அவர்களைப் பெண் தொழிலாளர் சம்மேளனத்தில் சேர்த்தார். ஆனால் கூலி நின்றுபோன வீட்டில் பிள்ளைகளுக்குச் சோறு யார் போடுவது? ஏடா அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு, சமைத்துப் பரிமாற ஆள் சேர்த்தார். பேச்சாளர்கள் படம் எல்லாம் இன்றும் இருக்கிறது. பாத்திரம் கழுவியவர்கள் படம் இல்லை. பெரும்பாலான ஃபாக்டரிகள் கூலியை உயர்த்தின.

முதல் உலகப் போரைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இருவரும் போரை எதிர்த்தார்கள், ஊரில் பகை சம்பாதித்தார்கள். 1917-ல் கென்ட்டில் ஃபேர்பி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டை நிலத்தோடு வாங்கி, போருக்குப் போக மறுத்து ஜெயிலில் உடம்பு கெட்டு வந்த வாலிபர்களைத் தேற்றும் இடமாக வைத்திருந்தார்கள். பிறகு அதைப் பரோவுக்கே கொடுத்துவிட்டார்கள். பிள்ளை பெற்ற பெர்மாண்ட்சித் தாய்மார் அங்கே போய்க் கொஞ்ச நாள் ஓய்வெடுத்து வந்தார்கள்.

1919-ல் ஏடா மீண்டும் கவுன்சிலுக்கு வந்தார். இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் தொடங்குகிறது.

பரோ கவுன்சிலின் கையில் என்ன இருந்தது? பள்ளிக்கூடம் கவுன்டி கவுன்சிலிடம். நிவாரணம் வேறொரு வாரியத்திடம். கூலியும் வேலையும் முதலாளியிடம். மிச்சம் தெரு, குப்பை, விளக்கு, பொதுக் குளியலறை, நூலகம், சுகாதாரம், கொஞ்சம் வீடு கட்டும் அதிகாரம். பெரும்பாலான கவுன்சிலர்கள் இதை வைத்து வரியைக் குறைவாக வைத்திருப்பதுதான் திறமை என்று நினைத்தார்கள். ஏடா அந்த ‘மிச்சத்தை’ வேறுவிதமாகப் பார்த்தார். 1920-ல் கவுன்சிலில் அழகூட்டும் கமிட்டி என்று ஒன்று ஏற்பட்டது. அவர்தான் அதன் உயிர். வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடும் ஊரில் பூச்செடிக்குக் கமிட்டியா என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். நானும் முதலில் படித்தபோது அப்படித்தான் நினைத்தேன்.

எண்ணம் மாறியது அவர் செய்த வரிசையைப் பார்த்தபிறகு. முதலில் மரம். புகைக்கரி படிந்த தெருவில் எது பிழைக்கும் என்று பார்த்து நட்டார்கள். அவர்கள் மிகவும் நம்பியது ‘சொர்க்க மரம்’ என்று அங்கே பெயர் பெற்ற சீன மரத்தை. நம்மூரில் தீக்குச்சிக்கு வெட்டும் பெருமரம் அதற்கு நெருங்கிய உறவு. புகையோ தூசியோ எதற்கும் அசையாத சாதி. ஆயிரக்கணக்கில் நட்டார்கள், தெருத் தெருவாக. மரத்துக்கு இடமில்லாத தெருவில் ஜன்னலோரத் தொட்டி. நகராட்சிக் கட்டடங்களில் தொட்டி வைத்துக் காட்டிவிட்டு, வீடுகளுக்குப் போட்டி வைத்தார்கள். நாற்றெல்லாம் பெரும்பாலும் அந்த ஃபேர்பி கிரேஞ்ச் நிலத்திலிருந்து வந்தது. பரோவுக்கென்றே ஒரு டாலியாப் பூ ரகம்கூட உருவாயிற்று, பெயர் ‘பெர்மாண்ட்சி ஜெம்’.

இன்னொன்று, பயன்படாமல் கிடந்த சர்ச் கல்லறைத் தோட்டங்கள். அந்த ஊரில் காலி இடம் என்றால் அதுதான். செயின்ட் ஜேம்ஸ் சர்ச்சின் கல்லறைத் தோட்டத்தைத் திறந்து 1921-ல் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய சறுக்குமரம் வைத்தார்கள். கூரை போட்டது, செலவு பிஸ்கட் கம்பெனித் தலைவருடையது. வரிசையில் பிள்ளைகள் முண்டியடித்து நிற்கும் பழைய புகைப்படம் ஒன்று உண்டு. அதைப் பார்த்தால் கேள்வி கேட்கத் தோன்றாது. அந்தப் பிள்ளைகளுக்கு அதுவரை விளையாட இருந்தது தெரு மட்டும்தான். தெருவில் விளையாடிய ஜாய்ஸுக்கு என்ன ஆயிற்று என்று ஏடாவுக்குத் தெரியும்.

1922 நவம்பரில் கவுன்சில் தொழிலாளர் கட்சி வசம் வந்தது. ஏடாவை மேயர் ஆக்கினார்கள். லண்டனில் முதல் பெண் மேயர் அவர். தொழிலாளர் கட்சிப் பெண்களில் பிரிட்டனிலேயே முதல் மேயர். அங்கியும் தங்கச் சங்கிலியும் மேயருக்கு உண்டு. இரண்டையும் போட மறுத்துவிட்டார். அதே மாதம் ஆல்ஃபிரட்டும் பார்லிமென்ட் போனார். வீட்டில் ஒரு எம்.பி., ஒரு மேயர். குடியிருந்தது அதே பெர்மாண்ட்சியில்.

பரோவின் சுகாதார வேலைகளில் பேர் வாங்கியது ஆல்ஃபிரட் பக்கத்து ஆட்கள். காசநோய்க்காரர்களைச் சுவிட்சர்லாந்து சானடோரியத்துக்கு அனுப்பியது, 1926-ல் நாட்டின் முதல் நகராட்சி ஒளிச்சிகிச்சை நிலையம் திறந்தது, வேன் வண்டியில் படம் காட்டிப் பல் தேய்க்கச் சொல்லிக்கொடுத்தது எல்லாம் அந்தக் கணக்கு. ஆனால் நோய் எங்கிருந்து வருகிறது? ஈரச் சுவர், வெளிச்சமில்லாத அறை, பத்துப் பேருக்கு ஒரு குழாய். ஆகவே வீடு. ஏடாவின் மனசில் இருந்தது அடுக்குமாடி அல்ல. தோட்டத்தோடு தனித்தனிக் குட்டி வீடு. மந்திரி அலுவலகம் ஒத்துக்கொள்ளவில்லை. லண்டன் நடுவில் இவ்வளவு விலையுள்ள நிலத்தில் காட்டேஜா, அடுக்குமாடி கட்டுங்கள் என்றது. 1924-ல் தொழிலாளர் கட்சியின் முதல் அரசாங்கம் வந்து, வீட்டுவசதியைக் கையில் வைத்திருந்த ஜான் வீட்லி அனுமதி கொடுத்தார். சாலிஸ்பரி தெருவின் பாழடைந்த வீடுகளை இடித்து அங்கே வில்சன் குரோவ் எழுந்தது. 1928-ல் முடிந்தது. மொத்தம் 54 வீடுகள்.

ஐம்பத்து நாலு! ஒன்றேகால் லட்சம் பேர் உள்ள ஊரில். பரோ முழுவதையும் அப்படி மாற்றும் கனவு அங்கேயே நின்றது. அதற்கப்புறம் கட்டியதெல்லாம் அடுக்குமாடிதான். நிலத்தின் விலையையும் ஆட்களின் எண்ணிக்கையையும் வைத்துப் பார்த்தால் மந்திரி அலுவலகம் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. தோட்ட வீடு கட்டினால் பாதிப் பேரை ஊரை விட்டு அனுப்ப வேண்டியிருந்திருக்கும். ஏடாவைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1925-ல் ஹாக்னி சவுத் தொகுதியிலிருந்து லண்டன் கவுன்டி கவுன்சிலுக்குத் தேர்வாகி, கடைசிவரை அதில் இருந்தார். 1889-ல் பெண்களைத் துரத்திய அதே கவுன்சில். பெர்மாண்ட்சியில் செய்ததை அங்கே பூங்காக் குழுவில் லண்டன் அளவுக்குச் செய்தார். 1935-ல் அந்தக் கவுன்சில் சுற்றுப்புற மாவட்டங்களுக்கு 20 லட்சம் பவுண்டு தருகிறோம், ஊரைச் சுற்றியுள்ள நிலத்தை வாங்கிப் பசுமையாகவே வையுங்கள் என்றது. இன்று லண்டனின் பசுமை வளையம் என்று சொல்வதற்கு அது ஒரு தொடக்கம். பெர்மாண்ட்சியில் சால்ட்டர்களோடு சேர்ந்து வேலை செய்த இன்னொரு பெண், எவ்லின் லோ, 1939-ல் அந்தக் கவுன்சிலுக்கே தலைவரானார். முதல் பெண் தலைவர்.

1940 செப்டம்பரில் குண்டு விழ ஆரம்பித்தது. கப்பல்துறை எரிந்தது, அதோடு இருபது வருஷம் நட்டதில் பெரும்பகுதியும் போயிற்று. 1942 டிசம்பர் 4 அன்று, தெற்கு லண்டனில் தன் சகோதரிகள் வீட்டில் ஏடா இறந்தார். ஆல்ஃபிரட் மேலும் மூன்று வருஷம் இருந்தார்.

கணவரின் வாழ்க்கை 1949-லேயே புத்தகமாகிவிட்டது. ஏடா அதில் வந்து வந்து போவார். ஏடாவுக்கென்று ஒரு முழுப் புத்தகம் வர 2016 ஆயிற்று. சிலை விஷயமும் அப்படித்தான். 1991-ல் ஆற்றோரம், பெர்மாண்ட்சி வால் பகுதியில், வயதான ஆல்ஃபிரட் பெஞ்சில் உட்கார்ந்து ஜாய்ஸைப் பார்ப்பதுபோல வெண்கலச் சிலைகள் வைத்தார்கள். சற்றுத் தள்ளி ஆற்றுச் சுவரில் சாய்ந்தபடி ஜாய்ஸ், சுவர்மேல் ஒரு பூனை. அம்மா மட்டும் இல்லை. 2011-ல் பழைய உலோகத்துக்காக யாரோ ஆல்ஃபிரட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் இருந்த குழந்தையையும் பூனையையும் எடுத்துப் பத்திரப்படுத்தினார்கள். வட்டாரத்து மக்கள் காசு திரட்டினார்கள், கவுன்சிலும் சேர்ந்து கொடுத்தது. 2014 நவம்பரில் புதிதாக வைத்தபோது நாலாவதாக ஏடாவையும் சேர்த்தார்கள்.

லண்டன் போனால் பெர்மாண்ட்சி ஸ்டேஷனில் இறங்கிப் பத்து நிமிஷம் நடந்தால் ஆறு. வழியில் வில்சன் குரோவ். இரண்டு மாடிக் குட்டி வீடுகள், முன்னால் கையகலத் தோட்டம், இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஆற்றோரம் மூன்று பேரும் பூனையும். டாக்டர் உட்கார்ந்திருக்கிறார். ஏடா நின்றுகொண்டிருக்கிறார், கையில் மண்வெட்டி.